புதுப்பிப்பு: எல்லைச் செலவு வளையி ஏன் விலகி நின்றது?

கிளிநொச்சி நெல் ஆலையொன்றை மாதிரியாக வைத்து, கற்பனை எண்களோடு விரிதாளில் குறுங்காலச் செலவு வளையிகளை வரைந்தபோது, எல்லைச் செலவு (ஓரலகு கூடுதலாக உற்பத்தி செய்ய ஆகும் மேலதிகச் செலவு) வளையி, சராசரி மாறும் செலவின் (வெளியீட்டோடு கூடிக்குறையும் செலவை அலகுகளின் எண்ணிக்கையால் வகுத்தது) இழிவுப் புள்ளியை, அதாவது மிகத் தாழ்ந்த இடத்தை, கோட்பாட்டின்படி வெட்ட வேண்டியிருந்தும் வெட்டாமல் விலகிச் செல்வது ஏன் என்று முன்னர் கேட்டிருந்தேன், விடை கிடைத்துவிட்டது.

வெளியீடு 5, 6, 7 அலகுகளாகும்போது மொத்த மாறும் செலவு முறையே 125, 144, 175 ஆயிரம் ரூபாய் என்றால், சராசரி 6 அலகில் 24 ஆகத் தாழ்கிறது. அடுத்தடுத்த வரிசைகளைக் கழித்துப் பெறும் 19, 31 என்ற எல்லைச் செலவுகளோ இரு வெளியீட்டு அளவுகளுக்கு இடைப்பட்டவை ஆதலால், அவற்றை 5.5, 6.5 ஆகியவற்றுக்கு நேரே குறிக்க வேண்டும். அப்போது கோடு 6 அலகில் 25ஐத் தொட்டு, இழிவுப் புள்ளியை ஒட்டிச் செல்கிறது. 5.5 போன்ற இடைப்பட்ட அளவுகளையும் கிடையச்சில் சரியான இடத்தில் குறிக்க வேண்டியிருப்பதால், இதற்குச் சிதறல் வரைபடமே பொருத்தம். உயர்தர மாணவருக்கு, நுண்கணித முறையான வகையீட்டைவிட இந்த நடுப்புள்ளி முறையே தெளிவு தரும் என்பது என் உறுதியான கருத்து.