ஈயக் கேபிளுக்குள் ஈரம்: 12 மீற்றர் பழைய ரெலிபோன் கேபிளை மாரிக்கு முன் உலர்த்தி மூடுவது எப்படி?

பனிக்கன்குளம்:

வணக்கம். மாங்குளம் பக்கம் பழைய ரெலிபோன் கேபிள் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நீளம் 12 மீற்றர். வெளியே ஈய உறை, உள்ளே கடதாசி சுற்றிய செம்புக் கம்பி, 20 சோடி. ஒரு முனை திறந்தே கிடந்தது; அங்கே கடதாசி பழுப்பேறி நூல் நூலாகப் பிரிகிறது. மற்ற முனையைத் தட்டி மடித்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் கடதாசி இன்னும் சரசரக்கிறது. உறையில் நடுவே எங்கோ ஊசித் துளை இருக்கலாம் என்று சந்தேகம்.

நவம்பர் நடுவில் பாடசாலைக் கண்காட்சி. இரண்டு பழைய ரெலிபோனை இரு முனையிலும் கொழுவிப் பேசவைக்க வேண்டும். 250 வோல்ற் மெகரில் (காப்புத் தடை அளக்கும் கருவி) ஒரு கம்பிக்கும் உறைக்கும் இடையே 20 மெகாஓம் காட்டுகிறது. இது போதாதா? போதாதென்றால் உலர்த்துவது எப்படி? அந்தக் காலத்தில் மாரி முழுக்க நீருக்குள் கிடந்த கேபிளை எப்படிக் காப்பாற்றினார்கள்?

பழங்கம்பி:

20 மெகாஓம் நல்ல எண் போலத் தெரியும், நீளத்தை மறந்தால். கேபிள் நீள நீள ஒழுக்குப் பாதைகள் பக்கம் பக்கமாகச் சேர்வதால் காப்புத் தடை இறங்கும். 12 மீற்றரில் 20 என்றால் கிலோமீற்றருக்கு 20 × 12 ÷ 1000, அதாவது 0.24 மெகாஓம். உலர்ந்த கடதாசிக் கேபிள் கிலோமீற்றருக்கு ஆயிரக்கணக்கில் காட்ட வேண்டும். உங்களுடையது நன்றாகவே ஈரம் குடித்திருக்கிறது.

12 மீற்றரில் குரல் கேட்க 20 மெகாஓமே தாராளம். ஆனால் இப்படியே விட்டால் வாடை தொடங்க அது இன்னும் இறங்கும், பிறகு இரைச்சல் வரும். பற்றரியின் நேர்முனையோடு தொடுத்த கம்பியை ஈரத்துக்குள் மின்பகுப்பு அரிக்கும். ரெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் 48 வோல்ற் பற்றரியின் நேர்முனையை நிலத்தோடு இணைத்ததற்கு இதுவும் காரணம்: மண்ணைவிட எதிர் மின்னழுத்தத்தில் நிற்கும் செம்பு கரையாது.

முதலில் ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கோ. பழுப்பேறிய முனையில் 15 சென்ரிமீற்றர் வெட்டி எறியுங்கோ. பரபின் மெழுகைச் சின்னப் பாத்திரத்தில் 130 பாகை வரை சூடாக்கி, மெழுகிலேயே உள்ள ஈரம் போய் அது அமைதியாகும் வரை விடுங்கோ. வெட்டிய இடத்துக் கடதாசியில் 5 சென்ரிமீற்றரை இடுக்கியால் எடுத்து அதில் போடுங்கோ. விரல் படக்கூடாது, வியர்வையும் ஈரம்தான். நுரைத்துப் படபடத்தால் ஈரம். சும்மா மூழ்கினால் உலர்ந்தது. நுரை நிற்கும் வரை 15, 15 ஆக வெட்டிக்கொண்டு போங்கோ. பெரும்பாலும் சில மீற்றருக்குள் நிற்கும். நனைந்த கடதாசி ஊதி வழியை அடைக்கும், அதனால் நீர் நெடுக ஓடாது. கடதாசிக் கேபிளின் நல்ல குணம் அது.

மெழுகை 150 பாகைக்கு மேல் விடாதீர்கள். பக்கத்தில் மூடியும் மணலும் இருக்கட்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஓமந்தை வடக்கு:

வெட்டிய பிறகும் 20 மெகாஓம்தான் என்றால் நடுத் துளையால் ஈரம் போயிருக்கிறது. அப்படியானால் உலர்ந்த வாயுவை ஓட்டித்தான் எடுக்க வேண்டும். ஏசி, பிரிஜ் திருத்துகிறவர்களிடம் நைதரசன் சிலிண்டரும் ரெகுலேற்றரும் இருக்கும். சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல் அமுக்கம் போதும். பழைய ஈயம் களைத்துப் போயிருக்கும், 10-க்கு மேல் போகவே வேண்டாம். ஈரமான முனையை வெளியேறும் பக்கமாக வையுங்கோ. மாறிச் செய்தால் ஈரம் நல்ல பகுதிக்கூடாகப் போகும்.

குளிர்ந்த கேபிளில் இது ஆமை வேகம். கணக்குப் பாருங்கோ: மீற்றருக்கு 20 கிராம் கடதாசி என்று வைத்தால் மொத்தம் 240 கிராம், அதில் பத்து வீதம் ஈரம் என்றால் 24 கிராம் தண்ணீர். 30 பாகையில் ஒரு கனமீற்றர் வாயு அதிகபட்சம் 30 கிராம் ஆவிதான் தாங்கும். கடதாசி காயக் காய அதுவும் ஏறாது. 60 பாகையில் அதே கனமீற்றர் 130 கிராம் தாங்கும். ஆகவே சோளகம் அடிக்கும் இந்த ஓகஸ்ற் வெயிலில் கறுத்த தகரத்தில் கேபிளை நீட்டிப் போட்டு, பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை வாயு ஓட்டுங்கோ. வெயில் சும்மா கிடைக்கிறது. இரவில் இரு முனையையும் மூடி வையுங்கோ, பனிக்கு உறிஞ்சாமல். புளோலாம்ப் பிடித்துச் சூடாக்காதீர்கள்: ஈயம் 327 பாகையில் உருகும், அதற்கு முன்னே உள்ளிருக்கும் கடதாசி கருகும்.

வெளியேறும் முனையில் சிறு போத்தலில் சிலிக்கா ஜெல் வைத்து அதன் வழியாக வாயுவை விட்டால் எப்போது நிறுத்துவது என்று நிறமே சொல்லும். செம்மஞ்சள் வகை ஈரம் பட்டால் பச்சையாக மாறும்; மாறாமல் நின்றால் நிறுத்தலாம். நீலம் வேண்டாம், அதில் நஞ்சான கோபால்ற் இருக்கிறது. மெகர் அளவின் உச்சத்தில் நின்றால் போதும். ஒரு நிமிடம் பிடித்து வைத்துத்தான் வாசியுங்கோ, முதல் சில செக்கன் காட்டுவதை நம்ப வேண்டாம்.

பனிக்கன்குளம்:

நன்றி அண்ணை. ஊசித் துளையைச் சிலிக்கோன் போட்டு அடைக்கலாமா? முனைகளை மெழுகில் முக்கி, மரப் பெட்டியில் கண்ணாடி போட்டு வைக்கலாம் என்று நினைத்தேன்.

மெகர்வாசி:

இரண்டும் வேண்டாம் தம்பி. வினாகிரி மணக்கிற சிலிக்கோன் காயும்போது அசற்றிக் அமிலம் விடும். அது ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும். புது ஒட்டுப்பலகையும் மரமும் அதே வேலையைத்தான் செய்யும், மூடிய பெட்டிக்குள் இன்னும் கெதியாக. உலோகத் தட்டு அல்லது அக்ரிலிக் போதும். புதுச் சீமெந்தோடும் படவிடாதீர்கள், அதன் காரம் ஈயத்தைத் தின்னும். ஏற்கனவே வெள்ளைத் தூள் இருந்தால் துடைக்க ஈரத் துணி, கையுறை, அது நஞ்சு. சாப்பாட்டு மேசையில் இந்த வேலையே வேண்டாம்.

துளை தேட 5 இறாத்தலில் வைத்து சவர்க்கார நுரை பூசுங்கோ. கண்டதும் ஒரு ரூபாய் அளவுக்குக் கத்தியால் சுரண்டுங்கோ, ஈயம் வெள்ளிபோல் மின்ன வேண்டும். உடனே கொழுப்புத் தடவிச் சொல்டர் வையுங்கோ, சுரண்டின நிமிடத்திலேயே மங்கத் தொடங்கும். சாதாரண மெழுகுதிரி பரபின், பிடிக்காது. ஸ்ரியரின் (கொழுப்பிலிருந்து எடுக்கும் மெழுகு) அல்லது மாட்டுக் கொழுப்பு வேண்டும். 60/40 (வெள்ளீயம்/ஈயம்) சொல்டர் 190 பாகைக்குள் உருகிவிடும், ஈயத்துக்கு முன் நல்ல இடைவெளி. சொல்டர் வைக்கும்போது அமுக்கத்தை விட்டுவிடுங்கோ, இல்லாட்டி துளையால் வாயு சீறி உருகிய சொல்டரைத் தள்ளும். பழைய ஆட்கள் 1 பங்கு வெள்ளீயம், 2 பங்கு ஈயம் கலந்து, கூழ்போல் இருக்கும்போது கொழுப்புத் துணியால் துடைத்துத் துடைத்து உருவாக்குவார்கள். அது ஒரு வருட கைப்பழக்கம். உங்களுக்குச் சொல்டரிங் இரும்பே போதும்.

முனையில் கடதாசிக் கம்பியை நேரே வெளியே விடவே கூடாது. உறை விளிம்பிலிருந்து வெளிநோக்கி 120 பாகை மெழுகை ஊற்றிக்கொண்டு வாருங்கோ. மாறிச் செய்தால் முனை ஈரத்தை உறைக்குள் தள்ளுவீர்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் பட்டு, பருத்தி சுற்றி மெழுகிட்ட கம்பி அல்லது இன்றைய பிவிசி கம்பியைச் சேர்த்து, அதை மட்டும் வெளியே எடுங்கோ. சேர்த்த இடத்துக்கு மேல், சூட்டில் சுருங்கி உள்ளே பசை உருகும் மூடி போடுங்கோ.

பழங்கம்பி:

மூன்றாவது கேள்விக்கு. 1880-களில் பருத்தி சுற்றிய கம்பிகளை ஈயக் குழாய்க்குள் இழுத்து, உருக்கிய பரபினை ஊற்றி நிரப்பினார்கள். ஈரம் புகாது, ஆனால் மெழுகு கம்பிகளுக்கிடையே கொள்ளளவத்தை (மின்னைச் சேர்த்து வைக்கும் தன்மையை) ஏற்றிப் பேச்சை மங்கச் செய்தது. 1890-களில் உலர்ந்த கடதாசியும் காற்றும் வந்ததும் தூரம் போக முடிந்தது. அதோடு பிரச்சினையும் வந்தது: குண்டூசித் துளை ஒன்று போதும், முழுக் கேபிளையும் கெடுக்க. கலிபோர்னியாவில் தூணில் தொங்கிய ஈயத்தை ஒரு சிறு வண்டு கோடையில் துளைக்கும், மழை வந்த பிறகுதான் தெரியும். அங்கே அதற்கு 'ஷோட் சேர்கிற் வண்டு' என்றே பெயர்.

பிறகு உள்ளே அமுக்கம் வைத்தார்கள். எக்ஸ்சேஞ்சில் உலர்த்திய காற்று அல்லது நைதரசன், சுமார் 9, 10 இறாத்தல். ஒரு மீற்றர் ஆழ நீரின் அமுக்கம் 1.42 இறாத்தல், ஆகவே 10 இறாத்தல் ஏழு மீற்றர் நீரைத் தள்ளி வைக்கும். குளக்கட்டோரம் மான்ஹோல் முழுவதும் நிரம்பினாலும் துளையால் காற்று வெளியே குமிழிடும், நீர் உள்ளே வராது. திருத்தும் வரை நேரம் கிடைத்தது.

துளை எங்கே என்று கண்டுபிடிப்பதும் அதே அமுக்கத்தால்தான். உதாரணமாக, தொடக்கத்தில் 60 கிலோபஸ்கால் (9 இறாத்தலுக்குக் கிட்ட), 1 கிலோமீற்றரில் 48, 2-இல் 36, 3-இல் 30, 4-இல் 30. துளைக்கு அப்பால் காற்று ஓடாததால் அமுக்கம் சமமாக நிற்கும். வரைதாளில் 12, 12 ஆக இறங்கும் கோட்டை நீட்டினால் 30-ஐ 2.5 கிலோமீற்றரில் தொடும். தோண்ட வேண்டிய இடம் அது. வால்வுகளில் அளவெடுத்து முடியும்வரை எக்ஸ்சேஞ்சு அமுக்கத்தை மாற்றாமல் இருக்க வேண்டும், இல்லாட்டி கோடு வளைந்து வேறு இடத்தில் தோண்டுவீர்கள்.

ஓமந்தை வடக்கு:

உங்கள் துண்டுக்கும் ஒரு முனை மூடியில் மோட்டார்சைக்கிள் ரியூப் வால்வு வைத்துவிடுங்கோ. மூடி 5 இறாத்தல் ஏற்றி ஒரு நாள் விடுங்கோ. காலை 25 பாகை, மதியம் 35 என்றால் ஒழுக்கு இல்லாமலேயே முக்கால் இறாத்தலுக்குக் கிட்ட ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். மறுநாள் அதே நேரத்தில் வாசித்து ஒப்பிடுங்கோ.