மஸ்கட்டிலிருந்து ஒரே நாளில் பாலைவனமும் மலையும்: பெற்றோருடன் எந்தச் சுற்றுலா ஏற்றது?

புளியரை மகள்:

வணக்கம். என் சொந்த ஊர் செங்கோட்டையை அடுத்த புளியரை. கணவரின் வேலை நிமித்தமாக ஓமான் தலைநகர் மஸ்கட்டில், ரூவி பகுதியில் வசிக்கிறோம். ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். கணவருக்கு வெள்ளிக்கிழமை மட்டுமே விடுமுறை என்பதால், வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் சுற்றுலாவில் அவர்களை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம்.

விசாரித்த வரையில் மூன்று வகைப் பயணங்களைச் சொல்கிறார்கள். வாதி பனீ காலித் என்னும் பள்ளத்தாக்கின் நீர்ச்சுனையும் வஹீபா மணற்பரப்பும் ஒன்று. கோட்டை நகரமான நிஸ்வாவும் ஜபல் அக்தர் மலையும் மற்றொன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்வது மூன்றாவது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படி ஏறுவதும் கல்லில் நடப்பதும் சிரமம். அப்பா ஆரியங்காவு மலைப்பாதையில் காய்கறி லாரி ஓட்டியவர். எந்த மலைக்குப் போனாலும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை தமக்குத்தான் என்று இப்போதே சொல்லிவிட்டார். எங்களிடம் இருக்கும் சிறிய காரிலேயே போய்விடலாம் என்று சிலர் கூறுகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை ராசு:

சகோதரி, மூன்றாவது பயணத்தை முதலிலேயே விலக்கிவிடுங்கள். வஹீபாவின் வாயிலான பிதியா, மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது; ஜபல் அக்தர் தென்மேற்கே உள்ளடங்கி நிற்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஜனவரியில் மாலை 6 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அப்படிச் சுற்றிக்காட்டுபவர் உங்களுக்குக் காட்டப்போவது பெரும்பாலும் நெடுஞ்சாலையைத்தான்.

மணற்பரப்பு அவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று என்பதே என் கருத்து. வடக்கு தெற்காக ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலே விரிந்து கிடப்பதையும், சில குன்றுகள் 100 மீட்டர் வரை உயர்ந்து நிற்பதையும் நம் பக்கத்தில் எங்கும் காண முடியாது. உங்கள் காரில் அங்கே போக நினைக்க வேண்டாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளே பிதியாவில் நின்று, டயர் காற்றைப் பாதியளவுக்கு இறக்கிவிட்டுத்தான் மணலில் இறங்குகின்றன; காற்றுக் குறைந்த டயர் அகன்று படிவதால் வண்டி புதையாமல் மிதந்து செல்கிறது. திரும்பும்போது மறுபடியும் காற்றேற்றிக்கொண்ட பிறகே தார்ச்சாலைக்கு வர வேண்டும். உங்கள் அப்பா இதைக் கூட இறங்கி நின்று பார்ப்பார்.

ஆனால் குன்றின் உச்சியிலிருந்து வண்டியைச் சறுக்கிவிட்டுக் குலுக்கும் விளையாட்டு வேண்டாம் என்று முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இளைஞர்களுக்கு அது உற்சாகம். முதியவர்களின் முதுகெலும்புக்கு அது தண்டனை. பெதுவின் என்னும் பாலைவன நாடோடிக் குடும்பத்தாரின் கூடாரத்தில் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்னும் காப்பியும் தருவார்கள். போதும் என்றால் சிறு கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். வெறுமனே நீட்டினால் மறுபடியும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கம்பம்மெட்டு வாசி:

ராசு அவர்கள் மணலைப் பற்றிக் கூறியது சரியே. ஆயினும் இந்த அம்மாவுக்கு அந்தப் பயணம் பொருந்தாது என்று நினைக்கிறேன். வாதி பனீ காலிதில் கார் நிறுத்துமிடத்திலிருந்து வாய்க்கால் ஓரமாக நடந்தால்தான் குளத்தைக் காணலாம். அதற்கு மேல் முழுவதும் வழுக்குப் பாறை. வெள்ளிக்கிழமைகளில் கூட்டமும் மிகுதி. மலைப் பயணத்திலோ பெரும்பகுதியை வண்டியில் அமர்ந்தபடியே பார்த்துவிடலாம்.

ஜபல் அக்தருக்குப் போகும் சாலை நல்ல தார்ச்சாலைதான். இருந்தாலும் பிர்கத் அல் மவ்ஸ் ஊரைத் தாண்டியதும் உள்ள காவல் சோதனைச் சாவடியில் ஃபோர் வீல் டிரைவ் அல்லாத வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே சிறிய கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. காரணம் இறக்கம். சுமார் 2000 மீட்டர் உயரத்திலுள்ள சைக் சமவெளியிலிருந்து இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும்; பிரேக் போன வண்டி ஏறி நிற்பதற்கென்றே சாலையோரத்தில் சரளை மேடுகள் அமைத்திருக்கிறார்கள். புளியரையின் எஸ் வளைவில் பாரத்துடன் இறங்கியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் அப்பா வழிகாட்டிக்கே பாடம் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை என்பது உங்களுக்கு வாய்த்த நல்ல நாள். நிஸ்வாவின் ஆட்டுச் சந்தை அன்று காலையில்தான் கூடும். விற்பவர்கள் ஆட்டையும் மாட்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிவர, வாங்குபவர்கள் சுற்றி அமர்ந்து விலை பேசுவார்கள். கேரளத்து வாணியங்குளம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலை இங்கே எல்லோர் காதிலும் விழும். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும் என்பதால், 160 கிலோமீட்டர் தொலைவைக் கணக்கிட்டு விடியுமுன்பே புறப்பட வேண்டும். கோட்டைக்குள் குறுகலான படிகள் உண்டு. அம்மா கடைத்தெருவிலேயே அமர்ந்திருக்கட்டும். நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும் என்பதால் உணவையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஏறும் வழியில் பிர்கத் அல் மவ்ஸில் ஃபலஜ் என்னும் வாய்க்காலைக் காட்டச் சொல்லுங்கள். நிலத்தடி நீரைச் சரிவு ஒன்றை மட்டுமே நம்பி ஊருக்குள் கொண்டுவந்து, நேரக் கணக்கில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பகலில் வெயிலின் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து முறை வைத்த வழக்கம் அது. அங்குள்ள ஃபலஜ் அல் கத்மைன், 2006ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐந்து வாய்க்கால்களுள் ஒன்று. மலைமேல் உள்ள ரோஜாத் தோட்டங்களை மட்டும் ஜனவரியில் எதிர்பார்க்க வேண்டாம். அவை ஏப்ரலை ஒட்டித்தான் பூக்கும்.

களியக்காவிளையார்:

எந்தப் பயணமானாலும் மழையைக் கவனியுங்கள். குளிர்காலத்தில்தான் அங்கே மழை வரும். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே, மலையில் எங்கோ பெய்த மழை வாதி என்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளமாகப் பாய்ந்துவிடும். வெள்ளம் ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது ஓமான் சட்டப்படி குற்றம். தயங்காமல் திரும்பிவிடும் வழிகாட்டியே நல்ல வழிகாட்டி. சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் அவரிடம் இருக்கிறதா, வானிலையால் பயணம் நின்றால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றைக் கேட்ட பிறகே பணம் செலுத்துங்கள்.

புளியரை மகள்:

அனைவருக்கும் நன்றி. நிஸ்வாவும் ஜபல் அக்தரும் என்று முடிவு செய்துவிட்டோம். ராசு அண்ணன் சொன்ன மணற்பரப்புக்கு, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவை மட்டும் இன்னொரு வெள்ளிக்கிழமை அழைத்துப் போகலாம் என்று கணவர் கூறுகிறார். ஒரு சந்தேகம்: மலைமேல் ஜனவரியில் கம்பளிச் சட்டை தேவைப்படுமா?

கம்பம்மெட்டு வாசி:

கட்டாயம் தேவைப்படும். உயரம் கிட்டத்தட்ட ஊட்டிக்குச் சமம். சில இரவுகளில் உறைநிலையையும் தொடும். பகலிலும் காற்று குளிர்ந்தே வீசும். காதை மூடும் குல்லாவும் காலுறையும் ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.