எது கிளாசிக் ஆகுது, எது காயலான் கடைக்குப் போகுது?

ஸ்டெப்னி:
ரொம்ப நாளா ஒரு டவுட்டு. ஒரே காலத்துல வந்த ரெண்டு கார்ல ஒண்ண இன்னும் துடைச்சு துடைச்சு வச்சிருக்காங்க, இன்னொண்ணு பேரே யாருக்கும் ஞாபகம் இல்ல. அழகா, வேகமா, இல்ல கம்மியா செஞ்சதாலயா?

சோக்கு இழுத்தவன்:
கம்மியா செஞ்சாதான்னு சொல்றதெல்லாம் சும்மா. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார 1938ல ஆரம்பிச்சு 2003 வரைக்கும் 2 கோடிக்கும் மேல செஞ்சாங்க, அதுக்கு இருக்கற ரசிகர் கூட்டம் எதுக்கு இருக்கு? என்ஜின் பின்னாடி, காத்துலயே குளிரும், ரேடியேட்டரே கிடையாது, ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா பிரிச்சு மாட்டிடலாம். கையில கிரீஸ் ஆன வண்டி மேலதான் பாசம் வரும்ங்க.

நாலாவது கியர்:
பாசம் சரி, யோசனையும் புதுசா இருக்கணும்ல. 1959ல வந்த மினிங்கற குட்டி கார பாருங்க, அத டிசைன் பண்ண இசிகோனிஸ் என்ஜின குறுக்கால திருப்பி, கியர்பாக்ஸ அதுக்கு அடியிலயே சொருகி, 10 அடி வண்டில நாலு பேர உக்கார வச்சுட்டார், போதாக்குறைக்கு அது மான்டி கார்லோ ரேலி கார் பந்தயத்துல 1964, 65, 67ன்னு பெரிய வண்டிங்கள எல்லாம் தோக்கடிச்சுது. இன்னைக்கு சின்ன கார் பானட்ட திறந்தா பெரும்பாலும் என்ஜின் குறுக்காலதான் கிடக்கும்.

தூசி தட்டி:
ரெண்டு பேரும் வயச மறந்துட்டீங்க. பத்து வயசுல ஜன்னல் வழியா ஏங்கிப் பாத்த பையன் கையில நாப்பத்தஞ்சுல காசு வரும், அப்பதான் அந்த கார் திடீர்னு கிளாசிக் ஆகும். பார்ட்ஸ் கிடைக்கணும், அது வேற கதை. (என் வண்டிக்கு ஒரு கதவு ரப்பர் தேடி ரெண்டு வருஷம் ஆச்சு.)

ஸ்டெப்னி:
அப்ப எங்க அப்பாவோட பழைய வண்டிய இப்போதைக்கு விக்கல சாமி.