ரோட்டரி மதியக் கூட்டம்: அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம். ஜூலை 1 முதல் எங்க ஊர் ரோட்டரி கிளப்புக்கு நான்தான் செயலாளர். செவ்வாய்தோறும் ஓட்டல் மாடியில சாப்பாட்டோட கூட்டம். ஆள் வந்தாலும் வராட்டாலும் 25 சாப்பாட்டுக்குப் பணம் கட்டணும்னு ஓட்டல்ல கறாரா சொல்லிட்டாங்க. போன வாரம் வந்தது 11 பேர். மீந்த சாம்பாரைத் தூக்குவாளியில ஊத்தி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கொடுத்தேன். வயிறு எரிஞ்சது.

1905-ல சிகாகோவுல பால் ஹாரிஸ் ஆரம்பிச்சப்போ, உறுப்பினர்களோட ஆபீஸ்லயே மாறி மாறிக் கூடினாங்க. ரோட்டரிங்கிற பேரே அதனாலதான். 2016-லிருந்து மாசம் ரெண்டு கூட்டம் போதும்னு விதியும் தளர்ந்தாச்சு. ஆனா எங்க பெரியவங்க, "சாப்பாடு இல்லாமக் கூட்டமா?"ங்கிறாங்க. (அவங்கதான் லீவே போடாம வர்றவங்க, பகைச்சுக்க முடியாது.)

அடுத்த மாசம் கண்புரை முகாம் வேற இருக்கு. கூட வர்ற துணையாளுக்குச் சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் நாங்கதான் பார்க்கணும்.

உங்க கிளப்புல வாராந்திரக் கூட்டத்தை யாராவது மாத்தினீங்களா? பெரியவங்களை எப்படிச் சம்மதிக்க வச்சீங்க? ஓட்டல்ல தலைக்கணக்கு மட்டும் பேசி முடிச்சவங்க இருந்தா, எப்படிப் பேசினீங்கன்னு சொல்லுங்க. திங்கட்கிழமைக்குள்ள தெரிஞ்சா நல்லது.