புற்றுநோய் மரபியலில் பிஎச்.டி. போகலாமா? அப்பச்சிக்கு என்ன பதில் சொல்வது?

செக்காலை வள்ளி கேட்கிறார்:

காரைக்குடியில் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி கடைசி செமஸ்டர் படிக்கிறேன். புற்றுநோய் மரபியல் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வீட்டில் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) கடையும் கணக்குப் புத்தகமும்தான் உலகம். "அஞ்சு வருசம் படிச்சு, அப்புறம் வெளிநாடு போயி, அதுக்கப்புறம்தான் வேலைன்னா போட்ட முதல் எப்பத் திரும்பும்?" என்கிறார். எனக்கே தெரியவில்லை. சீனியர்களைக் கேட்டால் பரிசு வாங்கியவர்கள் கதையைச் சொல்கிறார்கள். துறைக்குள் இருக்கும் யாராவது, அங்கே அன்றாடம் என்னதான் வேலை என்று சொல்லுங்களேன். எனக்கு கோடிங் சுத்தமாக வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளத்தூரான்:

முதலில் நெட் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கு தங்கச்சி. முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வாடகைப்படி தனி. சின்னக் கடை நடத்துகிறவர்களில் பலருக்கு இது நிற்காது. அப்பச்சியிடம் இதிலிருந்து பேச்சை ஆரம்பி. மற்றதைத் துறைக்காரர்கள் சொல்வார்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி:

நான் ஹைதராபாத்தில் மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வரும் குடும்பங்களைப் பார்க்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

அப்பச்சி கேட்டது நியாயமான கேள்வி, கணக்காகவே பதில் சொல்கிறேன். சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருக்கிறது என்று நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் பிலடெல்ஃபியாவில் கண்டுபிடித்தது 1960-ல். அதில் துண்டு ஏதும் தொலையவில்லை, 9-ஆம் குரோமோசோமுக்கும் 22-ஆம் குரோமோசோமுக்கும் இடையில் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன என்று ஜேனட் ரௌலி எழுதியது 1973-ல். அந்தக் கோளாறைக் குறிவைத்த இமாடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001-ல். முதல் போட்டு 41 வருடம் கழித்து வட்டி. நம் ஊரில் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கலை யாரும் பேரேட்டில் ஏற்ற மாட்டார்கள்! வட்டியும் போட்டவருக்கு வராது, எங்கோ ஒரு நோயாளிக்குப் போகும். அதே மருந்துக்குக் கேட்ட புதுக் காப்புரிமையை நம் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் மறுத்தது. அதனால் உள்நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரை மலிவு விலையில் தொடர்ந்து கிடைக்கிறது.

ரௌலிக்கு நான்கு மகன்கள். பல வருடம் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஆய்வகம் போனார். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்ப்பாராம். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பையன்கள் கேலி செய்வார்களாம். "கல்யாணம் ஆனால் ஆராய்ச்சி நடக்குமா" என்று உன் வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்.

எனக்குப் பிடித்தவர் மேரி-கிளேர் கிங். கணக்கிலிருந்து மரபியலுக்கு வந்தவர். மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் ஒரே மரபணுவால் பரம்பரையாக வருகிறது என்பதை 1970-களில் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. அவர் குடும்பம் குடும்பமாகச் சேர்த்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. நோய் வந்த வயதுப்படி 23 குடும்பங்களை வரிசையாக அடுக்கினார். இளம் வயதில் நோய் வந்த குடும்பங்களில் மட்டும் தடயம் 17-ஆம் குரோமோசோமைக் காட்டியது. அது 1990. பி.ஆர்.சி.ஏ.1 என்ற அந்த மரபணுவைத் தனியே பிரித்து எடுத்தது அவர் இல்லை, 1994-ல் யூட்டாவில் இருந்த ஸ்கோல்னிக் குழு. இந்தத் துறையில் இப்படியும் நடக்கும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்.

சரி, அன்றாட வேலை. பாதி நாள் நான் செய்வது உறவு விசாரிப்பது. நம் நகரத்தார் கோயில்களில் குடும்பங்களைப் பதியும் புள்ளிக் கணக்கு தெரியுமல்லவா? கல்யாணமான ஆண் பெயரில் புள்ளி ஏறும். கட்டிக்கொடுத்த பெண் வேறு கோயிலுக்குப் போய்விடுவாள். எனக்குத் தேவைப்படுவதோ அந்தப் பெண்கள்தான். மார்பகப் புற்று என்றதும் எல்லாரும் ஆத்தா வழியைத்தான் சொல்வார்கள். பி.ஆர்.சி.ஏ. மாற்றம் அப்பச்சியிடம் இருந்தாலும் பிள்ளைக்கு வர அதே பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவருக்கு நோயே வந்திருக்காது, அவருடைய அக்கா தங்கைக்கு வந்திருக்கும். "அயித்தை வயித்துக்கட்டியில போயிட்டாக" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். அது சூலகப் புற்றாக இருந்திருக்கலாம். எந்த வயதில், எந்த ஊர் ஆஸ்பத்திரியில் என்று நைச்சியமாகக் கேட்டு வாங்கவேண்டும். ஆச்சிமார் பேசும்போது இடையில் புகாமல் கேட்டு வளர்ந்த உனக்கு இது கைவந்த கலையாகத்தான் இருக்கும்.

மீதி நாள் மெழுகுக்கட்டியோடு. ஆபரேஷனில் எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்துச் சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். ஓரத்தில் பென்சிலில் ஒரு எண். அதை மெல்லிய ஏடாகச் சீவி, மெழுகைக் கரைத்து டி.என்.ஏ. எடுப்போம். ஃபார்மலின் ஒரு துரோகி. டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்குவதோடு, அதன் எழுத்துகளில் சி இருந்த இடத்தை மெஷின் டி என்று படிக்கும்படி செய்துவிடும். புது மாற்றம் கிடைத்துவிட்டது என்று குதிக்கிற மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, மெழுகுக்கட்டிக்கு எத்தனை வயது என்றுதான். அதே ஆளின் ரத்தத்தையும் படித்து ஒப்பிடவேண்டும். இரண்டிலும் இருந்தால் பிறவியிலேயே வந்தது, புற்றுக்கட்டியில் மட்டும் என்றால் பிறகு ஏற்பட்டது.

மதுரை ஆலோசகர்:

ஆச்சி பிஎச்.டி. பக்கமே பேசிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். முதுநிலைப் பட்டத்தோடு பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வரலாம். சம்பளம் சீக்கிரம் ஆரம்பிக்கும், அப்பச்சிக்கும் பிடிக்கும்.

ஆனால் லேசான வேலை இல்லை. மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். இங்கே வந்து உட்காரும் எல்லாருமே தனக்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். அதைவிடச் சங்கடம், "மாற்றம் இருக்கிறது, நல்லதா கெட்டதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது" என்று வரும் ரிப்போர்ட். நம் மக்களின் மரபணுத் தகவல் உலகத் தரவுத்தளங்களில் குறைவு, அதனால் இங்கே இது அடிக்கடி வருகிறது. அதைக் குறைக்க ஆராய்ச்சிக்காரர்கள் வேண்டும். அந்த வகையில் உன்னைத் தடுக்கவும் மனமில்லை.

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை அவர் 1954-ல் தொடங்கினார். அப்பச்சிக்கு நெட் தேர்வை விட அந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும்.

செக்காலை வள்ளி:

ஆச்சி, நன்றி. வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அப்பத்தா உடனே யார் யாருக்கு என்ன வந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், நிறுத்தவே முடியவில்லை. கோடிங்குக்கு என்ன செய்வது?

கானாடுகாத்தான் ஆச்சி:

அப்பத்தா சொல்வதை நோட்டில் எழுது, வயதோடு. கோடிங்குக்கு ஆர் (R) என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள், கூடவே புள்ளியியல். புள்ளியியல் தெரியாமல் ஆர் மட்டும் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களைத் திருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025-ல் வெளியிட்ட பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ் என்ற மரபணுத் தரவுத்தளம் இருக்கிறது, 480 மார்பகப் புற்று நோயாளிகளின் தகவலை வைத்துச் செய்தது. அது சம்பந்தமாக வந்ததைப் படித்துவிட்டு, புரியாததை இங்கேயே கேள். அப்பச்சி கடையடைத்து வந்த பிறகு ஒருநாள் எனக்குப் போன் போடச் சொல், நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் சாயங்காலம் போடச் சொல், காலையில் எடுக்கமாட்டேன்.