வான்காரரும் ‘எனக்குப் பச்சை’ என்கிறார்: கல்லடி வீட்டுக் குழு

அம்மா: லைட் சந்தியில் வான் தம்பியின் மோட்டார் சைக்கிளை அடித்ததில் அவனுக்குத் தோள் எலும்பு வெடிப்பாம். கட்டுப் போட்டாச்சு, கஞ்சியும் குடித்தான். வான்காரர் வாட்டுக்கே வந்து, 25,000 தாறேன், சமாதானமாகப் போவோம், பொலிஸில் கையெழுத்து வையுங்க என்கிறார்.

பெரிய மாமா: வாங்கிப்போட்டு விடு தங்கச்சி. கோர்ட்டு வாசல் ஏறினால் ஏறினதுதான்.

லோயர் மச்சாள்: மாமி, ஒன்றிலும் கையெழுத்து வைக்காதீங்க. அப்பா, கொஞ்சம் பேசாமல் இருங்க. நட்டஈட்டு வழக்குப் போட 2 வருசம் இருக்கு. ஆனால் சாட்சியம் அவ்வளவு நாள் காத்திருக்காது.

நான்: தம்பி பச்சை விழுந்த பிறகுதான் எடுத்தானாம். அவரும் தனக்குப் பச்சை என்கிறார். மறுகா எப்படி நிரூபிக்கிறது?

லோயர் மச்சாள்: குறுக்கே வாற இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழாது. யார் பிழை என்று சுற்றி நின்றவைதான் சொல்லவேணும். சந்தியில் கடைக் கமரா ஏதும் இருக்கா மச்சான்?

நான்: பாமசியில் ஒன்று இருக்கு. ஆனால் லைட் அதில் விழாது, ரோட்டு மட்டும்தான்.

லோயர் மச்சாள்: அது போதும். தம்பியின் பக்கத்தில் நின்ற வாகனங்கள் கிளம்பினதா, வான் வந்த பக்கத்தில் மற்றவை நின்றதா என்று பார். இன்றைக்கே போ. கமராப் பெட்டி நிரம்பினால் பழையதை அழித்துவிட்டுப் பதியும்.

அம்மா: தயிர் விற்கிற அண்ணனும் பார்த்தாராம்.

லோயர் மச்சாள்: லைட்டைப் பார்த்தாரா, சத்தம் கேட்டுத் திரும்பினாரா மாமி? திரும்புவதற்குள் லைட் மாறியிருக்கலாம்.

நான்: பார்த்துவிட்டேன். 4 நாள்தான் நிற்குமாம், பென்டிரைவில் எடுத்தாச்சு. தம்பிக்குப் பக்கத்தில் ஒரு பஸ் அசைகிறது, அவனும் கிளம்புகிறான். மற்றப் பக்கம் கோட்டில் ஒரு ஓட்டோ அசையாமல் நிற்கிறது. வான் அதன் வலப்பக்கத்தால் கிறுகி வந்து அடிக்கிறது. ஓட்டோ நம்பர் தெளிவு. ஆனால் கமரா மணி 7 நிமிடம் முந்தி ஓடுகிறது.

லோயர் மச்சாள்: அந்தத் திரையையும் உன் போன் மணியையும் சேர்த்து இன்னொரு போனில் ஒரு படம் எடு. இல்லாவிட்டால் ‘இது வேற நேரத்துப் படம்’ என்பார்கள். 1995 சாட்சியச் சட்டப்படி இந்த மாதிரிப் பதிவை விசாரணைக்கு 45 நாளுக்கு முன்பே கோர்ட்டுக்குக் கொடுக்கிற பட்டியலில் காட்டவேண்டும். கடைக்காரர் சாட்சிக்கு வருவாரா என்றும் கேள். ஓட்டோக்காரர் தம்பிக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. அவர் சொல் பொன்.

பெரிய மாமா: பொலிஸ் வழக்கில் வான்காரர் தப்பினால்?

லோயர் மச்சாள்: அங்கே ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டவேண்டும். மாவட்ட நீதிமன்றத்து நட்டஈட்டு வழக்கில் யார் சொல்வதை நம்பலாம் என்று தராசு ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும். அங்கே தப்பினாலும் இங்கே மாட்டலாம்.

தம்பி: ஒரு கையால் ரைப் பண்றேன். ஒன்று சொல்லவேணும். பஸ் மறைத்ததால் லைட் எனக்குத் தெரியவில்லை. பஸ் அசைய நானும் எடுத்தேன். ஹெல்மட் வாரும் பூட்டவில்லை.

அம்மா: அட கடவுளே.

லோயர் மச்சாள்: நல்லவேளை இப்பவே சொன்னாய். பொலிஸில் ‘பச்சை பார்த்தேன்’ என்று சொல்லாதே, நடந்ததை அப்படியே சொல். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு சொல்லைப் பிடித்தால் மிச்சமும் போகும். உன் கவலையீனம் இருந்தாலும் வழக்கு சாகாது. 1968 சட்டப்படி உன் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும், அவ்வளவுதான். ஹெல்மட்டும் தோள் எலும்புக்குப் பெரிதாக இடிக்காது.

பெரிய மாமா: அந்த ஓட்டோ நம்பரைப் பார்த்தேன். ஆரையம்பதிப் பெடியன், எனக்குத் தெரிஞ்சவன்.

லோயர் மச்சாள்: அப்பா, நீங்கள் அவரோடு பேசவேண்டாம். சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தது என்று ஆகிவிடும். நம்பரை மட்டும் பொலிஸில் கொடுப்போம்.

பெரிய மாமா: கோல் எடுத்துவிட்டேனே மகள். பின்னேரம் தேத்தண்ணிக்கு வாறான்.