கைமாறி வாங்கிய பஸ்: பிரேக் ரீகால் நம் வண்டிக்கும் உண்டா, எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி:
வணக்கம். கைமாறி வந்த ஏர் பிரேக் பஸ். இதே மாடலில் பின் ஆக்ஸில் பிரேக் ஹோஸ் (பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் குழாய்) உரசித் தேய்கிறது என்று கம்பெனி ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைப்பது) அறிவித்திருக்கிறது. எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. என் வண்டி அதில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? பாகம் கிடைக்கும்வரை ஓட்டலாமா?

பதில் 1:
கடிதம் வராததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கம்பெனியிடம் பழைய முதலாளியின் முகவரிதான் இருந்தால் கடிதம் அங்கேதான் போயிருக்கும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். 17 இலக்கத்தில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் பூஜ்யம், நெட்டுக்கோடாகத் தெரிந்தால் ஒன்று. ரீகால் பெரும்பாலும் குறிப்பிட்ட தயாரிப்புத் தேதிகளுக்கும் பாகத்தின் லாட்டுக்கும்தான் (ஒரே தொகுதியாகச் செய்தவை) என்பதால் ஒரே மாடலில் ஒரு வண்டி மாட்டும், பக்கத்து வண்டி தப்பும்.

பஸ்ஸில் சேஸிஸ் ஒருவர், பாடி ஒருவர் என்று இருக்கும். பாடி கட்டும்போது காற்றுக் குழாயை இடம் மாற்றியதால் வந்த கோளாறு என்றால் ரீகால் பாடி கட்டியவர் பெயரில் வரும். இரண்டு இடத்திலும் கேளுங்கள். லாரி வைத்திருப்பவர்கள் கவனிக்க: டிரெய்லருக்குத் தனி நம்பர், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வால்வு, சேம்பர் (காற்றழுத்தத்தால் புஷ் ராட் என்ற தண்டைத் தள்ளும் பகுதி), ஸ்லாக் அட்ஜஸ்டர் (அந்தத் தள்ளலைப் பிரேக்குக்குக் கடத்தி, இடைவெளியைச் சரிசெய்யும் கை) எல்லாம் வேறு கம்பெனி செய்து தருபவை. பாகத்தின் மீதே ரீகால் வருவதுண்டு. பழைய முதலாளி இடையில் வால்வு மாற்றியிருந்தால், சேஸிஸ் நம்பரில் "ரீகால் இல்லை" என்று வந்தாலும் மாட்டியிருக்கும் வால்வு குறைபாடுள்ள லாட்டாக இருக்கலாம். வால்வின் மேல் உள்ள பாக எண்ணையும் தேதிக் குறியையும் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள்.

பதில் 3:
ஓட்டலாமா என்பதற்கு: அறிவிப்பில் "ஓட்ட வேண்டாம்" என்றிருந்தால் பேச்சே இல்லை, இழுத்துத்தான் போக வேண்டும். அப்படி இல்லாவிட்டாலும் முதலில் ஹோஸைப் பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பாடியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸில் முழுதாகத் தொங்கும் நிலையிலும், பிறகு பாரம் இறங்கிய நிலையிலும் ஹோஸ் எங்கே தொடுகிறது என்று பாருங்கள். மேல் ரப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தாலே எச்சரிக்கை. உள்ளே நூல் தெரிந்தாலோ, பிரேக் அழுத்தும்போது புடைத்தாலோ வண்டி நகரக் கூடாது. டேப் சுற்றுவது வேலைக்கு ஆகாது.

அடுத்து கசிவு. காற்று டேங்க் நிறைந்ததும் இன்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியதும் வரும் முதல் இறக்கத்துக்குப் பிறகு ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அலகு) மேல் இறங்கினால் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். காற்று சுமார் 60 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகும்போது எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ வர வேண்டும். இன்னும் குறைந்து 20 முதல் 45 பி.எஸ்.ஐ.க்குள் வந்தால் ஸ்பிரிங் பிரேக் (காற்று குறைந்தால் ஸ்பிரிங் விசையால் பிடிக்கும் பிரேக்) தானாகப் பிடிக்கும். ஓட்டத்தில் அது நடந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஸ்லாக் அட்ஜஸ்டரை நாமே கொஞ்சம் டைட் செய்துகொண்டால் தற்காலிகமாகப் போதுமா?

பதில் 2:
செய்யாதீர்கள். ஹோஸ் கோளாறுக்கு அது மருந்தே இல்லை. ஆட்டோ ஸ்லாக் தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டியது. ஸ்ட்ரோக் (புஷ் ராட் நகரும் தூரம்) நீண்டுபோனதை ஸ்பேனரால் சரிக்கட்டினால் அப்போதைக்கு அளவு சரியாகத் தெரியும். கோளாறு உள்ளேயே இருக்கும், சில நாளில் மறுபடி நீளும். புஷ் ராடில் சாக்பீஸால் குறியிட்டு, 90 முதல் 100 பி.எஸ்.ஐ.யில் முழு பிரேக் அழுத்தி அளவெடுங்கள். சாதாரண டைப் 30 (சேம்பரின் அளவு வகை) சேம்பருக்கு வரம்பு 2 அங்குலம், லாங் ஸ்ட்ரோக் வகைக்கு 2.5. ஒரே ஆக்ஸிலில் இரண்டு வகையும் கலந்திருந்தால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்.

ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மாற்ற வேண்டி வந்தால் கேஜிங் போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் கழற்றவே கூடாது. அந்த ஸ்பிரிங் விடுபட்டால் உயிரையே எடுக்கும். வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் ரீகால் எண், போட்ட பாகத்தின் எண், தேதிக் குறி மூன்றையும் எழுதி வாங்குங்கள். கம்பெனி பதிவில் ரீகால் முடிந்ததாக ஏறிவிட்டதா என்று பிறகு ஒருமுறை சேஸிஸ் நம்பரை வைத்துக் கேளுங்கள்.